நாகையில் ஓர் இரவு தங்குங்கள்: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் நாகப்பட்டினம் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரைக்கு வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு சாண் உயரத்துக்குச் சேர்ந்துவிட்டன. முப்பத்து மூன்று ஆண்டுகள் இந்த ஊர்ப் பெண்கள் பள்ளியொன்றில் வரலாறு நடத்தியவள் நான். பிறந்தது வெளிப்பாளையத்தில், இன்று இருப்பதும் அங்கேதான். பலர் ஒன்றையே கேட்டிருந்ததால் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குப் போகிறோம். அப்படியே நாகூருக்கும் போய்விட்டு ஊர் திரும்பிவிடுவோம். நடுவில் நாகப்பட்டினம் பஸ் நிலையத்தில் டீ குடிப்பதோடு சரி. அந்த ஊரில் பார்க்க என்னதான் இருக்கிறது? (சேலம் வாசகி)

அம்மா, டீயோடு திரும்புவது உங்கள் குடும்பம் மட்டும் அல்ல. தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வேளாங்கண்ணி, வடக்கே ஐந்தாறு கிலோமீட்டரில் நாகூர், மேற்கே ஐந்து கிலோமீட்டரில் சிக்கல் சிங்காரவேலர். இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் மட்டும் வெளியூர்க்காரர் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

ஓர் இரவு இங்கே தங்குங்கள். கோயிலில் இருந்து தொடங்க வேண்டாம், ஆற்றில் இருந்து தொடங்குங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகத்தில் இருக்க வேண்டும். விசைப்படகுகள் விளக்கோடு ஒன்றன்பின் ஒன்றாக முகத்துவாரத்துக்குள் நுழையும். சூரை, கணவாய், காலா, சங்கரா என்று குவியல் குவியலாகக் கொட்டியதும் ஏலம் தொடங்கும். ஏலம் கூறுகிறவர் ஒரே மூச்சில் தொகையை ஏற்றிக்கொண்டே போவார். எடுக்கிறவர் வாயைத் திறக்க மாட்டார். தலையை ஒரு தரம் அசைப்பார், குவியல் கை மாறிவிடும். கூடைக்காரப் பெண்கள் மீன் அடுக்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு வரிசை மீன், ஒரு கை ஐஸ், மறுபடி ஒரு வரிசை. தலைகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும். கை போகிற வேகத்துக்கு நம் கண் போகாது. அவர்களுக்கு இடைஞ்சலாக நடுவழியில் நின்று படம் எடுக்காதீர்கள். அது அவர்களுடைய வேலை நேரம்.

பொழுது புலர்ந்ததும் ஆற்றின் அகலத்தைக் கவனியுங்கள். கடுவையாறு கடலில் சேரும் இடம் அது. இந்தக் குறுகிய வாய்க்குள் பெரிய கப்பல் எதுவும் நுழைய முடியாது. கப்பல் தூரத்தில் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் படகில் போய் ஏற வேண்டும். என் சிறுவயதிலும் அதுதான் முறை. ஆயிரம் ஆண்டுத் துறைமுகம் என்றதும் கருங்கல் துறையும் பெரிய மதிலும் தேடி வருகிறவர்கள் ஏமாந்து போவது இதனால்தான். டச்சுக்காரர்கள் 1658இல் போர்த்துக்கீசியரிடம் இருந்து ஊரைப் பிடித்தார்கள். 1690இல் சோழமண்டலக் கடற்கரைக்கான தங்கள் தலைமையிடத்தைப் பழவேற்காட்டில் இருந்து இங்கே மாற்றிக்கொண்டார்கள். 1781இல் ஆங்கிலேயர் கைப்பற்றும் வரை சுமார் தொண்ணூறு ஆண்டு இது அவர்களுடைய பெரிய நகரம். அவர்கள் கட்டிய கோட்டை இன்று இல்லை. டச்சுத் தேவாலயம் இருக்கிறது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பாருங்கள்.

பிறகு காயாரோகணேசுவரர் கோயில். தேவாரத்தில் திருநாகைக்காரோணம் என்று வருவது இதுதான். அம்பாள் நீலாயதாட்சி, கருந்தடங்கண்ணி. ஆடிப்பூரம் இங்கே பெரிய விழா. ஆனால் நான் உங்களை ஆவணி மாதத்தில் வரச் சொல்வேன். அறுபத்து மூவரில் ஒருவரான அதிபத்த நாயனார் இந்த ஊர்ப் பரதவர். வலையில் படுகிற மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவது அவர் வழக்கம். நாள் கணக்கில் ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. அதையும் விட்டார், வீட்டில் பட்டினி. கடைசியில் பொன்மீன் ஒன்று வந்தது. அதையும் விட்டார். ஆவணி ஆயில்யத்தன்று அவருடைய திருவுருவைப் படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோய்ப் பொன்மீனை விடுவார்கள். கரையில் மீனவர் குடும்பங்கள் கூடி நிற்கும். தங்கள் குலத்தில் பிறந்த ஒருவருக்குத் தாங்களே எடுக்கும் விழா என்பதால் அந்தக் கூட்டத்தின் முகங்களில் ஒரு தனி உரிமை தெரியும்.

சௌந்தரராஜப் பெருமாள் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய திவ்ய தேசம். அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இதற்குள் நண்பகல் ஆகிவிடும். மாலையில் நாகூர், மறுநாள் வேளாங்கண்ணி என்று வைத்துக்கொள்ளலாம்.

சூடாமணி விகாரம் எங்கே இருக்கிறது? தொடர்கதையில் படித்ததில் இருந்து அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நண்பர்கள் நாலு பேர் மோட்டார் சைக்கிளில் வருகிறோம். (மதுரைக் கல்லூரி மாணவர்)

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அது நின்ற இடம் இதுதான் என்று காட்ட ஒரு சுவர் கூட இல்லை. ஆனால் பெட்ரோலை வீணாக்கியதாக நினைக்காமல் திரும்பிப் போக ஒரு வழி சொல்கிறேன்.

சுமத்ராத் தீவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயத்தை ஆண்ட சூளாமணிவர்மன் தொடங்கி, அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த பௌத்த மடம் அது. கடல் கடந்த அரசன் ஒருவன் சோழர் துறைமுகத்தில் தன் நாட்டு வணிகருக்கும் துறவிகளுக்கும் கட்டிக்கொண்டது. சைவனான ராஜராஜன் அதற்குத் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006ஆம் ஆண்டையொட்டி, ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்தப் பள்ளிக்கான அறக்கொடையாகக் கொடுத்தான். அவன் சொன்னதை நிலையாக்கிச் செப்பேடாக வெட்டுவித்தவன் மகன் ராஜேந்திரன். அந்த ராஜேந்திரனே 1025இல் அதே ஸ்ரீவிஜய அரசின் கடாரத்தின்மீது படை அனுப்பினான் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இருபத்தொரு ஏடுகள், ஐந்தில் வடமொழி, பதினாறில் தமிழ். டச்சுக்காரர்கள் காலத்தில் கடல் கடந்து நெதர்லாந்துக்குப் போய் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு அதில் பிடித்தது அரசர் புகழ் பாடும் பகுதி அல்ல. தமிழ்ப் பகுதியில் தொண்ணூற்றேழு வேலி சொச்சம் நிலமும், அது தரும் எண்ணாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று கலத்துக்கு மேற்பட்ட நெல்லும், தூணி, குறுணி, நாழி என்ற சிறு அளவுகள் வரை இறங்கிக் கணக்கிடப்பட்டிருக்கின்றன. ஊரின் எல்லையைப் பெண் யானையை நடத்திச் சென்று குறித்திருக்கிறார்கள். பிடி சூழ்தல் என்பது அதற்குப் பெயர். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகள் வாய்க்கால் வரப்பில் யானை நடப்பதைக் கண்ணால் பார்ப்பது போல உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த ஆனைமங்கலம் இன்றும் இருக்கிறது, கீழ்வேளூர் வட்டத்தில். அதுதான் நான் சொன்ன வழி. வண்டியை அங்கே விடுங்கள். பார்க்க மண்டபமோ கல்வெட்டோ தேடாதீர்கள். வயலும் வாய்க்காலும்தான். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு நாழிக் கணக்காக எழுதிய நெல் விளைந்த மண் அது என்று தெரிந்து நின்றால் போதும்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கீழ்வெண்மணிக்கும் போய் வர வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு, கூலியாகக் கூடுதல் நெல் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட ஊர். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே அதிகம். நினைவிடம் இருக்கிறது. வரலாறு படிக்கிறவர்கள் செப்பேட்டு நெல்லோடு இந்த நெல்லையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்லி வந்திருக்கிறேன்.

விகாரத்துக்கு வருகிறேன். பௌத்த நாகையின் கடைசிக் கட்டடமாக ஒரு செங்கல் கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். ஐரோப்பிய மாலுமிகள் சீனக் கோபுரம் என்றார்கள். கடலில் இருந்து வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். 1846இல் சர் வால்டர் எலியட் பார்த்தபோது மூன்று நிலைகளோடு சதுரமாக நின்றிருக்கிறது. அந்த நிலத்தில் கல்லூரி நடத்திய இயேசு சபையினர் அரசு அனுமதியோடு 1867இல் அதை இடித்தார்கள். இதை எழுதும்போது இன்றும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. இடிந்து விழுந்த கட்டடத்துக்கு வருந்துவது வேறு, நின்றிருந்ததை இடித்ததற்கு வருந்துவது வேறு.

மண்ணுக்குள் இருந்தவை தப்பித்தன. 1856இல் தொடங்கி 1930கள் வரை முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் இங்கே கிடைத்தன. அவற்றில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. புத்தரின் தலைமேல் தீச்சுடர் போல ஒன்று எழுந்து நிற்கும்; அது நாகைப் பாணியின் அடையாளம். மதுரையில் இருந்து கிளம்பும் முன்பு ஒரு தரம் எழும்பூர் போய் அந்தச் சிலைகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், வெறும் தெருவில் நடக்கும்போதும் காலடியில் என்ன இருந்தது என்பது தெரியும்.

நாங்கள் இந்துக் குடும்பம். நாகூர் தர்காவுக்குள் பெண்கள் போகலாமா? ஏதாவது தெரியாமல் தவறு செய்துவிடுவோமோ என்று தயக்கமாக இருக்கிறது. (ஈரோடு வாசகி)

தயங்காமல் போங்கள். அங்கே வருகிறவர்களில் பெரும் பங்கு உங்களைப் போன்றவர்கள்தான். தலையில் முந்தானையைப் போட்டுக்கொள்ளுங்கள், செருப்பை வெளியே விடுங்கள், அவ்வளவுதான். காணிக்கை கொடு என்று யாராவது வற்புறுத்தினால் பணிவாக மறுத்துவிட்டு நடக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

ஷாகுல் ஹமீது ஆண்டவரின் அடக்கத்தலத்தைச் சுற்றி ஐந்து மினாராக்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் உயரமானது 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். கந்தூரி விழாவில் சந்தனக்கூடு நாகப்பட்டினத்தில் இருந்து புறப்பட்டு இரவு முழுதும் ஊர்வலமாக நாகூர் போய்ச் சேரும். சிறுமியாக இருந்தபோது அந்த இரவில் மட்டும் எங்களுக்குத் தூங்கச் சொல்லி அதட்டல் கிடையாது. தெருவில் திண்ணை திண்ணையாக ஆள் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிருந்து கப்பல் ஏறிய மரக்காயர் வணிகரும் தொழிலாளரும் போன இடமெல்லாம் நாகூராரின் நினைவைக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூரில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது, பினாங்கில் ஒன்று இருக்கிறது. இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தவை. புயலில் சிக்கிய கப்பலைக் காப்பவர் அவர் என்பது மாலுமிகளின் நம்பிக்கை.

மாலையில் தர்காவைச் சுற்றிய தெருக்களில் இறால் வாடா சுடுவார்கள். சூடாக வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். பொட்டலம் கட்டிக்கொண்டு அறைக்குப் போனால் நமத்துவிடும்.

எந்த மாதத்தில் வருவது நல்லது? எழுபத்தைந்து வயது அம்மாவையும் அழைத்து வர வேண்டும். (கோவை வாசகர்)

ஜனவரி நடுவில் இருந்து மார்ச் தொடக்கம் வரை. அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்தக் கரைக்குப் புயலும் அப்போதுதான் வரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து அங்கிருந்த தென்னையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. ஒரு நவம்பரில் நாற்பது மாணவிகளை அழைத்துக்கொண்டு கோடியக்கரைக்குப் புறப்பட்டேன். வழியில் சாலை மேல் தண்ணீர். ஒரு திருமண மண்டபத்தில் இரண்டு இரவு தங்கினோம். அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்து குண்டான் குண்டானாகச் சோறு வந்தது. பிள்ளைகளுக்கு அது திருவிழா; எனக்குத் தூக்கம் இல்லை. அம்மாவை அழைத்து வருகிறவர் அந்தப் பருவத்தில் வர வேண்டாம்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்த நாட்களில் நாகையிலும் அறை கிடைப்பது கடினம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மேலே நான் சொன்ன ஏலக் காட்சியின் பாதிகூட அப்போது இருக்காது. சென்னையில் இருந்து காரைக்கால் போகும் இரவு ரயில் விடியற்காலையில் நாகையில் இறக்கிவிடும். அம்மாவுக்கு பஸ்ஸைவிட அதுதான் சுகம். இந்த ரயில் பாதைக்கும் ஒரு பெருமை உண்டு: 1860களின் தொடக்கத்திலேயே நாகையில் இருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு ரயில் ஓடியது. திருச்சிப் பொன்மலைக்குப் போன ரயில்வே பணிமனை, அதற்கு முன்பு இங்கேதான் இருந்தது.

தரங்கம்பாடிக்கு ஒரு நாள் போதுமா? கோட்டை தவிர வேறு என்ன இருக்கிறது? (திருநெல்வேலி வாசகர்)

ஒரு நாள் போதும், காலையிலேயே போய்விட்டால். நாகையில் இருந்து வடக்கே காரைக்கால் வழியாக முப்பது கிலோமீட்டர் சொச்சம். காரைக்காலில் இறங்கி அம்மையார் கோயிலைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஆனி மாதம் மாங்கனித் திருவிழா என்றால் அங்கேயே நாள் போய்விடும்.

கோட்டையை எல்லோரும் பார்ப்பார்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் தங்க ஏட்டில் எழுதிய தமிழ் மடல் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. 1845இல் ஆங்கிலேயரிடம் தங்கள் இந்தியக் குடியேற்றங்களைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள்.

நான் உங்களை முதலில் ராஜ வீதியில் உள்ள புதிய எருசலேம் தேவாலயத்துக்கு அழைத்துப் போவேன். 1718இல் கட்டியது. அதற்குள் அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் சீகன்பால்கு. கிறிஸ்தவ சமயப் பணிக்காக 1706 ஜூலை 9 அன்று இங்கே கரை இறங்கிய ஜெர்மானிய இளைஞர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் அகரம் எழுதித் தமிழ் படித்தார். ஜெர்மனியின் ஹாலேயில் இருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை பெரியவையாக இருந்ததால் காகிதம் போதவில்லை. இங்கிலாந்தில் இருந்து பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கிச் சிறிய எழுத்துகள் வார்த்தார்கள். காகிதத்துக்குப் பக்கத்துப் பொறையாறில் ஆலை வைத்தார்கள். புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி 1715இல் முடிந்தது. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழ் போன்றவற்றுக்கெல்லாம் முன்னோடியான வேலை அந்தத் தெருவில் நடந்திருக்கிறது. மதமாற்றம் பற்றி யார் என்ன கருத்து வைத்திருந்தாலும், அந்த ஈயத்தை உருக்கிய கைகளை நான் வணங்குகிறேன்.

அடுத்தது கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதி முழுவதையும் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது கல் கொட்டி அரண் செய்து, எஞ்சியதைப் புதுப்பித்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுக்கு முன்பு நான் பார்த்தபோது, அலை திரும்பும் சமயத்தில் மணலுக்குள் செதுக்கிய தூண் ஒன்று தலை காட்டும். அடுத்த அலையில் மறையும். அந்தத் தூணை எண்ணி எண்ணி உட்கார்ந்திருந்தேன். அதே இடத்தில் இன்று உட்கார்ந்தால் கற்குவியல்தான் தெரியும். கோயிலுக்கு அது நல்லது.

1792இல் கட்டிய ஊர் வாசலையும் தவற விடாதீர்கள். நேரம் மிச்சம் இருந்தால் இன்னும் வடக்கே பூம்புகார். அதை அவசரமாகப் பார்க்கக் கூடாது. தனியாக இன்னொரு முறை வாருங்கள்.

கோடியக்கரையில் மான்கள் கண்டிப்பாகத் தெரியுமா? (விழுப்புரம், ஏழாம் வகுப்பு மாணவி)

கண்டிப்பாக என்று காட்டைப் பற்றி யாரும் சொல்ல முடியாது கண்ணு. ஆனால் புல்வெளியில் காலையிலோ மாலையிலோ பொறுமையாக இருந்தால் வெளிமான் கூட்டம் பெரும்பாலும் தெரியும். கொம்பு முறுக்கிக்கொண்டு கறுப்பாக இருப்பது ஆண். அது 1967 முதல் சரணாலயம். குளிர்காலத்தில் உப்புநீர்ப் பரப்பில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வரும். அப்பாவிடம் பைனாகுலர் கேட்டு வாங்கிக்கொள்.

போகிற வழியில் வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியில் இருந்து தொண்டர்களோடு நடந்து புறப்பட்டு, இங்கே வந்து உப்பு அள்ளினார். வழியில் அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் உத்தரவு போட்டிருந்தார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். அகஸ்தியன்பள்ளியில் நினைவுத் தூண் இருக்கிறது, இறங்கிப் பார்.

நாகையில் இருந்து இலங்கைக்குக் கப்பலில் போகலாம் என்கிறார்களே? (பல கடிதங்கள்)

காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கினார்கள். சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். பருவமழையில் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் கப்பல் டிக்கெட்டை உறுதி செய்த பிறகு மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள். பாஸ்போர்ட் வேண்டும், இலங்கை நுழைவு அனுமதி விதிகளைப் புறப்படும் முன்பு பார்த்துக்கொள்ளுங்கள்.

சுனாமி நினைவிடங்களுக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா? (தாம்பரம் வாசகர்)

போகலாம். ஆனால் போகும் முன்பு என்ன நடந்தது என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணிக் கரை நிறைய வெளியூர் மக்கள். கீச்சாங்குப்பமும் அக்கரைப்பேட்டையும் சில நிமிடங்களில் போய்விட்டன. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழகத்தின் இழப்பில் பெரும் பகுதி இங்கேதான். விசைப்படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரையேறிக் கிடந்தன. ஜனவரியில் பள்ளி திறந்தபோது வருகைப் பதிவேட்டில் சில பெயர்களைக் கூப்பிட முடியாமல் நான் நிறுத்தினேன். வகுப்பே எழுந்து நின்றது. யாரும் சொல்லி எழவில்லை.

அங்கே சிரித்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள். கரையில் உட்கார்ந்திருக்கும் யாரிடமும் உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

என் தாத்தா 1930களில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா வந்தவர். சொந்த ஊர் எது என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு முதன்முறையாக வருகிறேன். அவர் கப்பல் ஏறிய இடத்தில் ஒரு தரம் நிற்க வேண்டும். எங்கே நிற்பது? (பினாங்கு வாசகர்)

ஐயா, உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். என் அப்பாவும் பினாங்கில் இருந்தவர், ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளையாக. 1962இல் விடுமுறை முடிந்து அவர் திரும்பிப் போனபோது எனக்கு ஏழு வயது. கப்பல் ராஜுலா. 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அது போன பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985இல் அதில் தீப்பிடித்த பிறகு பயணிகள் போக்குவரத்தே நின்றுபோனது.

அப்பாவின் தகரப் பெட்டி பச்சை நிறம். மூடியில் வெள்ளைச் சாயத்தில் அவர் பெயர், அதன் கீழே நாகப்பட்டினம், ஒரு கோடு, பினாங்கு. அம்மா அதற்குள் புளி உருண்டையும் வடகமும் வைத்து, மேலே என்னுடைய பழைய பாவாடை ஒன்றை மடித்துப் போட்டாள், பெட்டி ஆடாமல் இருக்க. ஆற்றங்கரையில் இருந்து படகு. கப்பல் கடலில் நின்றது. எங்களால் கரையோடு நிற்கத்தான் முடிந்தது. படகு முகத்துவாரத்தைத் தாண்டும்போது அப்பா எழுந்து நின்று துண்டை உயர்த்தினார். படகுக்காரர் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டது கரை வரை கேட்டது.

உங்கள் தாத்தா தோட்ட வேலைக்குப் போனவர் என்றால், ஊரில் ஆள் சேர்க்கும் கங்காணி அழைத்துப் போயிருக்கலாம். அப்படிப் போகிறவர்களுக்கு நாகையில் ஒரு முகாம் இருந்தது; அங்கே தங்கவைத்து, மருத்துவப் பரிசோதனை செய்து கப்பலேற்றுவார்கள். 1938இல் இந்திய அரசு அந்தத் தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது. ஆகவே அவர் அதற்கு முன்பு வந்திருக்க வேண்டும். ஊரைத் தேடுவதற்கு ஆவணத்தைவிட வீட்டுப் பெரியவர்களின் வாயே உதவும். குலதெய்வத்தின் பெயரைக் கேளுங்கள். பாட்டி தாலாட்டில் எந்த ஆற்றைச் சொன்னார், பொங்கலன்று எந்தச் சாமி பெயர் சொல்லிப் படைத்தார் என்று கேளுங்கள். குலதெய்வத்தின் முழுப் பெயர் கிடைத்துவிட்டால் எந்த வட்டாரம் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

நிற்க வேண்டிய இடம், ஆற்றின் வடகரையில் முகத்துவாரத்தை ஒட்டி, கலங்கரை விளக்கத்துக்கும் துறைமுக அலுவலகத்துக்கும் பக்கம். அவரைப் பற்றியோ அந்த ஆயிரக்கணக்கானோரைப் பற்றியோ அங்கே ஒரு கல் கூட நட்டு வைக்கவில்லை. நட்டிருக்க வேண்டும். காலையில் வெயில் ஏறும் முன்பு வாருங்கள். கிழக்கே பார்த்து நின்று முகத்தைச் சற்று வலப்பக்கம் திருப்பினால் அந்தத் திசையில்தான் பினாங்கு. என் அம்மா அப்படித்தான் நிற்பாள்.

வரும் தேதி முடிவானதும் இதழின் முகவரிக்கு எழுதுங்கள். நானும் உடன் வருகிறேன். அந்தப் பெட்டி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. சாயம் உதிர்ந்தும் நாகப்பட்டினம் என்பதை வாசிக்க முடிகிறது. பார்த்துவிட்டு எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுப் போகலாம்.